முதலில் ஆலை, பிறகு அணுக்கரு

மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது 1910-ல். அணுவுக்குள் அணுக்கரு என்று ஒன்று இருப்பதை மான்செஸ்டரிலிருந்து ரூதர்ஃபோர்டு எழுதி வெளியிட்டது 1911-ல். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் தோரியம் கலந்த மணலை அள்ளிச் சலித்துக் கப்பலேற்றத் தொடங்கியபோது, அந்தத் தோரியத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

இன்றைக்கு அது எங்கே, எந்த நெருக்கடியில் உண்டானது என்பது வரைக்கும் ஏறத்தாழச் சொல்லிவிட முடிகிறது. சூரியனைவிடக் கனமான ஓர் உருண்டையை, நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடச் சற்றே பெரிய விட்டத்துக்குள் அமுக்கி வைத்தால் அதற்குள் பொருள் என்ன பாடுபடும் என்று கணக்குப் போட்டவர்கள் வழியாகக் கிடைத்த பதில் அது. எங்கள் மாவட்டத்தில் மணலைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. ஆனால் பேச்செல்லாம் விலை, நோய், லாரி, வழக்கு என்ற நாலுக்குள்தான் சுற்றும். மணலைப் பற்றிய அறிவில் இந்த நூறு வருடத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இந்த நாலிலும் இல்லை.

ஆலைக்கு முந்தைய காலத்திலும் மணலுக்கு ஒரு பூர்வீகம் சொல்லப்பட்டது. கன்னியாகுமரி பகவதிக்கும் சுசீந்திரம் தாணுமாலயனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தத்துக்குள் மாப்பிள்ளை வந்து சேர வேண்டும். நாரதர் சேவலாகக் கூவ, விடிந்துவிட்டதென்று மாப்பிள்ளை வழுக்கம்பாறையோடு திரும்பிவிட்டார். விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் கடற்கரையில் கொட்டி மணலாகக் கிடக்கின்றன. குமரிமுனையில் அரிசி மாதிரி வெளுத்தது, சிவந்தது, கறுத்தது என்று மணலைப் பொட்டலம் போட்டு விற்பது இந்தக் கதையை நம்பித்தான். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். சிறுவயதில் வாங்கிய பொட்டலங்களில் தேன் நிறத்தில் மினுங்கும் மணிகளும் கொஞ்சம் இருக்கும். அதுதான் மோனசைட் என்று பின்னாளில்தான் தெரிந்தது.

அந்தத் தேன்நிற மணிக்காகத்தான் ஷோம்பர்க் வந்தார். ஜெர்மன் ரசாயனக்காரர். திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதன் வழியே பிடித்து 1909-ல் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஐரோப்பாவின் தெருவும் வீடும் காஸ் விளக்கில் எரிந்தன. சுடருக்கு மேல் மேண்டில் என்ற ஒரு வலைத்துணியைக் கவிழ்த்தால் வெளிச்சம் பல மடங்கு கூடும் என்று கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். 1891-ல் அவர் கண்ட கலவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. இரண்டுமே மோனசைட்டில் இருந்தன. முதல் உலகப்போர் வந்ததும் ஷோம்பர்க்கை உளவாளி என்று பிடித்துப் போட்டார்கள். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இங்கிருந்து போன மணல் மேண்டிலாகி இங்கேயே திரும்பியது. கொடை விழாவில் வில்லுப்பாட்டு நடக்கும் பந்தலில், கல்யாண ஊர்வலத்தில் தலைச்சுமையாக, பெட்ரோமாக்ஸ் இல்லாமல் அந்நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு ராத்திரி கிடையாது. 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் மேண்டிலைத் தொட்டுப் பொடியாக்குவாரே, அந்தப் பொடி பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு. தமிழ்நாட்டில் அணுப்பொருளைப் பற்றி எடுத்த மிகப் பிரபலமான காட்சி அதுதான் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பில்லை.

மின்சாரம் வந்தது, மேண்டில் மங்கியது. 1920-களில் விலை கறுத்த மணலுக்குப் போனது, இல்மனைட்டிலிருந்து வெள்ளைச் சாயம் எடுக்கலாம் என்பதால். மோனசைட்டைக் கழிவாகப் பார்த்த வருடங்களும் உண்டு. ஹிரோஷிமாவுக்குப் பிறகு அத்தனையும் தலைகீழானது. திருவிதாங்கூரின் திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர் 1947 ஜூனில் சமஸ்தானம் தனிநாடாகும் என்று அறிவித்தபோது, அவர் மடியில் இருந்த பெரிய சீட்டுகளில் ஒன்று இந்த மோனசைட். பிரிட்டனோடு அதற்குப் பேரம் நடந்தது. தனிநாடு நடக்கவில்லை. 1950 ஆகஸ்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது. 1963-ல் முழுக்க அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. மணவாளக்குறிச்சி ஆலையை 1965-ல் எடுத்துக்கொண்டது. நடுவில் 1956 நவம்பர் 1-ல் மாவட்டமே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு எல்லாக் காலத்திலும் அது 'மணல் கம்பெனி'தான்.

ஹோமி பாபா 1954-ல் முன்வைத்த மூன்று கட்டத் திட்டம் இந்தக் கரையை நம்பியே போடப்பட்டது. தோரியம் தானாகப் பிளந்து எரியாது. நியூட்ரானை விழுங்க வைத்து யுரேனியம்-233 ஆக மாற்றினால்தான் எரிபொருள். முதல் கட்டத்தில் சாதாரண யுரேனியம், இரண்டாவதில் வேக ஈனுலை, மூன்றாவதில்தான் நம்ம ஊர்த் தோரியம். எழுபது வருடம் ஆகிவிட்டது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலையின் உலையகத்தை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். அதே கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற சின்ன உலை, தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233-ஐ எரிக்கிறது. உலகத்தில் அந்த வகையில் ஓடுகிற உலை அது ஒன்றுதான் என்பார்கள். அதன் திறன் 30 கிலோவாட். ஒரு கல்யாண மண்டபத்துக்கே தட்டுத்தடுமாறித்தான் போதும். ஆராய்ச்சி உலையை மின்சாரக் கணக்கில் எடை போடக் கூடாதுதான். இருந்தாலும், 'இந்தியாவின் எரிபொருள் எங்கள் கரையில் கிடக்கிறது' என்ற மேடைப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்த 30 எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

இதுவரை சொன்னது மணலை யார் எதற்கு எடுத்தார்கள் என்ற கதை. மணலே எது என்ற கதை வேறு தடத்தில் நடந்தது. அதிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு.

மணவாளக்குறிச்சியில் ஆலை வந்த அதே 1910-ல் லாகூரில் பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, 1930 ஜூலைக் கடைசியில் பம்பாயில் கப்பலேறினார். வயது 19. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்கும்போது அதைத் தாங்கிப் பிடிப்பது எலக்ட்ரான்களின் நெருக்கம். அந்தத் தாங்கலுக்கு ஓர் எல்லை உண்டு என்று கப்பலில் வைத்தே கணக்கிட்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு எடைக்கு மேல் போனால் தாங்காது. அப்புறம் என்னவாகும்? அதைச் சொல்லத் தேவையான துகளே அன்று கண்டுபிடிக்கப்படவில்லை. நியூட்ரானைச் சாட்விக் கண்டது 1932-ல். இரண்டே வருடத்தில், 1934-ல், வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் முழுக்க நியூட்ரானால் ஆன நட்சத்திரம் இருக்கலாம் என்றார்கள். பலரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அணுவில் பெரும்பாலும் வெற்றிடம்தான். எடையெல்லாம் நடுவிலிருக்கும் கருவில். அந்த வெற்றிடத்தைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கருக்களை மட்டும் தோளோடு தோள் உரச அடுக்கினால் கிடைப்பதை இயற்பியலில் அணுக்கருப் பொருள் என்கிறார்கள். சுண்டைக்காய் அளவுக்கு அதை எடுத்தால் 13 கோடி டன் எடை இருக்கும். நியூட்ரான் நட்சத்திரத்தின் மையத்தில் அதையும்விடச் சில மடங்கு நெருக்கம். அங்கே நியூட்ரான் நியூட்ரானாகவே இருக்கிறதா, குவார்க்குகளாகக் கரைந்துவிடுகிறதா, விநோதமான வேறு துகள்கள் தலைகாட்டுகின்றனவா என்பது இன்றைக்கும் வழக்கு. எவ்வளவு அமுக்கினால் எவ்வளவு எதிர்த்துத் தள்ளும் என்ற கணக்குக்கு நிலைச் சமன்பாடு என்று பெயர். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டுக்கொள்வது அந்த ஒரு வரிக்காகத்தான்.

நட்சத்திரத்தின் உள்ளே எட்டிப் பார்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் தண்டையார்பேட்டையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணன், சி. வி. ராமனின் மகன். 1967-ல் ஜோஸ்லின் பெல் முதல் துடிப்பு நட்சத்திரத்தை, அதாவது சுழலும் நியூட்ரான் நட்சத்திரத்தை, கண்ட பிறகு, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் ராதாகிருஷ்ணனும் மான்செஸ்டர் என்பவரும் வேலா மண்டலத்தில் நொடிக்குப் பதினொரு முறை துடிக்கும் ஒன்றைக் கவனித்து வந்தார்கள். இத்தகைய நட்சத்திரம் மெல்ல மெல்லத் தளர்ந்து மெதுவாகத்தான் வேண்டும். 1969-ல் அது திடீரென்று ஒரு துளி வேகமெடுத்தது. பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் நட்சத்திரத்தின் மேலோடும் உள்ளேயிருக்கும் திரவமும் தனித்தனியாகச் சுழல்கின்றன என்று யோசிக்க வைத்தது அது. உரசலே இல்லாமல் ஓடும் நியூட்ரான் திரவம், அவ்வப்போது தன் சுழற்சியைக் கொஞ்சம் மேலோட்டுக்குத் தள்ளிவிடுகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வேலா இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படிக் குதிக்கிறது. ஊட்டி ரேடியோ தொலைநோக்கியிலிருந்தும் அதைக் கண்காணிக்கிறார்கள். மாசி பங்குனியில் எங்கள் கரையில் நின்று தெற்கே பார்த்தால், அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே கிடப்பது அந்த மண்டலம்தான். துடிப்பு நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது. திசையை மட்டும் காட்டலாம்.

இனி தோரியத்துக்கு வருகிறேன். நட்சத்திரங்களின் வயிற்றில் கருக்கள் இணைந்து இரும்பு வரைக்கும் வரலாம். அதற்கு மேல் போக நியூட்ரானை விழுங்க வேண்டும். 1957-ல் பர்பிட்ஜ் தம்பதியும் வில்லியம் ஃபவுலரும் ஃபிரெட் ஹாயிலும் சேர்ந்து எழுதிய கட்டுரை, மெதுவாக விழுங்குவது, வேகமாக விழுங்குவது என்று இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டியது. மெதுவான வழி பிஸ்மத்தோடு முட்டி நின்றுவிடும். அதைத் தாண்டித் தோரியத்துக்கும் யுரேனியத்துக்கும் போக, சிதைவதற்கு நேரம் கொடுக்காமல் நியூட்ரான் மேல் நியூட்ரானாக ஓரிரு நொடிக்குள் அடைத்துத் தள்ள வேண்டும். அவ்வளவு நியூட்ரானுக்கு எங்கே போவது? 1974-ல் லாட்டிமரும் ஷ்ராமும் நியூட்ரான் நட்சத்திரம் உடைந்து சிதறும் இடத்தைக் கை காட்டினார்கள். ஃபவுலருக்கு 1983-ல் நோபல் கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொண்டவர் சந்திரசேகர். நட்சத்திரம் எப்போது நொறுங்கும் என்று சொன்னவரும், நொறுங்கினால் என்ன விளையும் என்று சொன்னவரும் ஒரே மேடையில்.

2017 ஆகஸ்ட் 17 வரைக்கும் இது நல்ல ஊகம். அன்றைக்கு ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ, வர்கோ கருவிகளில் ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்ட அதிர்வு பதிவானது. 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதின. 1.7 நொடியில் காமாக் கதிர் வந்தது. சில மணி நேரத்தில் சிலியிலிருந்து பார்த்தவர்களுக்குப் புதிய ஒளிப்புள்ளி தெரிந்தது. அதன் நிறம் சில நாளில் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது. காரணம் லாந்தனம், சீரியம், நியோடிமியம் வரிசையிலான அருமண் தனிமங்கள். அவை நீல ஒளியைத் தடுத்துச் சிவப்பை மட்டும் வெளியே விடும். 2019-ல் அந்த ஒளியில் ஸ்ட்ரான்சியத்தை அடையாளம் கண்டார்கள், 2022-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லாந்தனத்தையும் சீரியத்தையும். மோனசைட்டைப் பகுத்தால் வருகிற பட்டியல் அது. ஷோம்பர்க்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு பங்கு சீரியமும் அதில் இருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் மணலிலுள்ள சீரியத்தின் பெரும்பங்கு அந்த மாதிரி மோதலில் வந்ததல்ல. முதிர்ந்த செந்நட்சத்திரங்களில் மெதுவான வழியில் விளைந்தது. தோரியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அதற்கு வேகமான வழி ஒன்றே வழி. அது எல்லாமே நட்சத்திர மோதலில் வந்ததா என்பதிலும் தகராறு இருக்கிறது. 2004 டிசம்பரில் ஒரு காந்த நியூட்ரான் நட்சத்திரம் வெடித்து உமிழ்ந்த ஒளியை மறுபடி ஆராய்ந்து, அங்கேயும் கனத்த தனிமங்கள் உண்டாயின என்று 2025-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு எழுதியது. அரிய வகை நட்சத்திர வெடிப்புகளைச் சொல்பவர்களும் உண்டு.

வீட்டில் செய்து பார்க்கக் கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் உள்ளே பிறை வடிவில் இரண்டு காந்தத் துண்டு கிடைக்கும். விரல் நசுங்காமல் எடுக்க வேண்டும், அவ்வளவு பிடி. அதைக் காகிதத்தில் சுற்றி, குமரிமுனையில் வாங்கிய மணல் பொட்டலத்துக்கு மேல் கொண்டு போங்கள். கறுத்த மணி முதலில் துள்ளி ஏறும். சிவந்தது சோம்பலாகப் பின்னால் வரும். தேன் நிறம் வந்தாலும் வரும், வராமலும் போகும். வெள்ளை அசையவே அசையாது. மணல் கம்பெனியில் நடப்பதும் அடிப்படையில் இதுதான், காந்தமும் உயர்மின்னழுத்த உருளைகளும் வைத்துப் பெரிய அளவில். காந்தம் பிடிக்கிறதா, மின்சாரம் கடத்துகிறதா என்ற இரண்டு கேள்வியில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் தனித்தனிக் குவியலாகிவிடும். அந்த ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் இருப்பது நியோடிமியம். அதுவும் மோனசைட்டில் கிடைப்பதுதான். 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதியை இறுக்கியதிலிருந்து, தோரியத்துக்காகப் பூட்டி வைத்த மணலை நியோடிமியத்துக்காகத் திறக்கச் சொல்லும் குரல் டெல்லியில் கூடியிருக்கிறது.

நம் நாட்டு மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 9 அளவில் இருக்கும். ஒரு கிராம் மோனசைட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் அதில் ஒவ்வொரு நொடியும் முந்நூறுக்கு மேல் தோரியம் அணு சிதையும். அப்படிச் சிதைந்தும் தீராது. தோரியத்தின் அரைவாழ்வு 1,400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மேற்குமலைப் பாறைக்குள் அது மோனசைட்டாக இறுகியது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன், நாமும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாகச் சேர்ந்துகொண்டிருந்த காலத்தில். பிறகு மலை தேய்ந்தது. வள்ளியாறு மாதிரியான ஆறுகள் கொண்டுவந்து கடலில் கொட்டின. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை அதைப் புடைத்து, லேசானதை இழுத்துப் போய்விட்டுக் கனத்ததைக் கரையில் விட்டுவைக்கிறது.

ஆடிக் கடல் அடங்கிய பிறகு சின்னவிளை, பெரியவிளைப் பக்கம் போனால் இந்தக் கறுப்பு, வெளுத்த மணலுக்கு மேல் வரிவரியாகக் கிடக்கும். முன்பெல்லாம் பெண்கள் அதை ஓலைப்பெட்டியில் வாரிக் குவிப்பார்கள். அப்படி வாரிய வயதான ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கூலி கிடைச்சுதா பாட்டி?" என்றேன். "கூலிக்கென்ன மக்கா, வாரினா கிடைக்கும். கம்பெனிக்காரன் கொண்டு போவான், கடலு திரும்பக் கொண்டாந்து போடும். ரெண்டு பேருக்கும் நாங்கதான் வேலைக்காரி" என்றார். இதில் கதிர் இருக்கிறது என்று அப்போது யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். "கதிரா? எங்களுக்குக் கால்ல ஒட்டுற மண்ணு" என்றார்.

காலில் ஒட்டுகிற மண்தான், ஆனால் கேள்வி நியாயமானது. இந்தக் கரையும் கொல்லத்துப் பக்கத்துச் சவறா கரையும் உலகத்தில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான இடங்களின் பட்டியலில் இருப்பவை. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. கவனமாகச் செய்த வேலை, அதை நான் நம்புகிறேன். ஆனால் இயற்கையாகக் கரையில் கிடப்பது வேறு, தோண்டிக் குவித்துச் சலித்துத் தூசியாகப் பறக்கவிடுவது வேறு. கருநாகப்பள்ளிக் கட்டுரையை நீட்டி மணவாளக்குறிச்சிக்காரர் வாயை அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. அதே நேரத்தில், கூடங்குளத்தையும் கறுத்த மணலையும் அணுகுண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்புகிற நோட்டீஸ்களும் எரிச்சலூட்டுகின்றன. கதிர்வீச்சைப் பற்றி மக்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அந்த நோட்டீஸ் முளைக்கிறது.

இயற்பியலோ நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. ஜெனீவாவில் ஆலிஸ் சோதனையில் ஈயக் கருக்களை மோதவிட்டு, சூரியனின் மையத்தைப் போல ஒரு லட்சம் மடங்கு வெப்பத்தில் அணுக்கருப் பொருளை உருக்கிக் குவார்க் குழம்பாக்குகிறார்கள். கொல்கத்தாவின் ஆய்வுக்கூடங்கள் தொடக்கத்திலிருந்தே அதில் இருக்கின்றன. வெப்பத்தைவிட நெருக்கத்தைக் கூட்டிப் பார்க்க ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் கட்டப்படும் ஃபேர் முடுக்கியில் இந்தியா பங்குதாரர். மேண்டிலுக்கு மணல் தேடிக்கொண்டு வந்த நாட்டுக்கு இப்போது நம் ஆட்கள் அந்த மணலின் பூர்வீகம் தேடிப் போகிறார்கள். 2024 புத்தாண்டு அன்று இஸ்ரோ ஏவிய எக்ஸ்போசாட் நியூட்ரான் நட்சத்திரங்களின் எக்ஸ் கதிரை அளக்கிறது. இஸ்ரோவின் தலைவராக 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், முன்பு இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர். ராக்கெட்டுக்கு ஆள் கொடுக்கிற மாவட்டம் இது. காலடி மணலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நட்சத்திரப் பெருவெடிப்பு பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், கனிம வளம் வேறொரு பக்கம். இரண்டும் ஒரே பொருள் என்று பையன்களுக்குச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் வகுப்பு அடங்காது.

கரையில் வந்த மாற்றம் வேறு மாதிரி. ஓலைப்பெட்டிக்குப் பதில் இயந்திரம் வந்தது. கடல் அரிப்புக்குக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். 2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் பட்ட அடிக்குப் பிறகு, கரையில் கை வைக்கிற எதையும் ஜனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். தனியார் தாது மணல் எடுப்பதை மாநில அரசு 2013-ல் நிறுத்தியது. அரசு நிறுவனமான இந்தியன் ரேர் எர்த்ஸ், கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் போட்டது. 2024 அக்டோபர் 1-ல் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைக்கப்பட்டது.

1910-ல் ஷோம்பர்க் யாரையும் கூட்டம் போட்டுக் கேட்கவில்லை. சி. பி. கேட்கவில்லை. 1965-லும் கேட்கவில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் ஊர்க்காரர்களைக் கூட்டி, அவர்கள் மொழியில் சுருக்கம் கொடுத்து, கருத்துக் கேட்க வேண்டும் என்று 2006-ன் அறிவிக்கை சொன்னது. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் எடுக்கும் திட்டங்களுக்கு அந்தக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று குறிப்பாணை வெளியிட்டது. அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மோனசைட் அந்தப் பட்டியலில் உண்டு.